நீண்ட புகைபோக்கியும் குட்டைப் புகைபோக்கியும்

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் ஒருவன் சில வாரங்களுக்கு முன் என்னை ஒரு கேள்வி கேட்டான். லோயர் பரேலில் பழைய பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில், இன்று பெரிய பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு புகைபோக்கி மட்டும் வானை நோக்கி நிற்கிறதல்லவா? அதை அவன் பார்த்திருக்கிறான். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினையும் பார்த்திருக்கிறான். "இரண்டும் தண்ணீரைக் காய்ச்சி நீராவி உண்டாக்கத்தானே தாத்தா? ஒன்றுக்குப் பனைமரத்தை விட உயரமான புகைபோக்கி எதற்கு? மற்றொன்றுக்கு ஒரு முழம் போதுமென்றால் எப்படி?" என்று கேட்டான்.

பையன் கேட்டது சாமானியக் கேள்வி அன்று. எங்கள் வீட்டில் இதே விஷயம் முப்பது ஆண்டுக் காலம் சாப்பாட்டு வேளைத் தர்க்கமாக நடந்திருக்கிறது. என் தமையனார் 1960ஆம் ஆண்டு புசாவல் ஷெட்டில் பயர்மேனாகச் சேர்ந்து, பின்னர் டிரைவரானவர். நான் 1968இல் பரேல் பகுதியில் ஒரு நூல் ஆலையின் கொதிகலன் கூடத்தில் உதவியாளனாகப் புகுந்து, இரண்டாம் வகுப்புச் சான்றிதழும் பிறகு முதல் வகுப்புச் சான்றிதழும் பெற்றவன். அவர் ஆண்டது ஓடும் கொதிகலன். நான் ஆண்டது அசையாத கொதிகலன். தம்முடையதே கொதிகலன் என்று அவர் சொல்வார். என்னுடையதே கொதிகலன் என்று நான் சொல்வேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த இருவர் பம்பாயில் உட்கார்ந்து இங்கிலாந்துக்காரன் செய்த பாத்திரங்களுக்காக இப்படிச் சண்டை பிடிக்க வேண்டுமா என்று எங்கள் தாயார் அலுத்துக்கொள்வதுண்டு.

வேடிக்கை என்னவெனில், இரண்டு கொதிகலன்களுக்கும் மூலபுருஷர் ஒருவரே. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் 1804இல் வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலையில் தண்டவாளத்தின் மேல் ஒரு நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அவரே 1812 வாக்கில் சுரங்கங்களில் நீர் இறைக்கும் எஞ்சின்களுக்காகக் கார்னிஷ் கொதிகலனை அமைத்தார். நீண்ட உருளை ஒன்று. அதற்குள் நெடுக ஒரு பெருங்குழல். குழலின் வாயிலில் நெருப்பு. இவ்வளவுதான் கார்னிஷ் கொதிகலன். 1844இல் வில்லியம் பேர்பேர்ன், ஜான் ஹெதரிங்டன் ஆகிய இருவரும் குழலை இரண்டாக்கி உரிமை பெற்றனர். அதுவே லங்காஷயர் கொதிகலன் என்ற பெயரோடு உலகமெங்கும் பஞ்சாலைகளில் குடியேறிற்று. பம்பாயின் முதல் பஞ்சாலையை காவஸ்ஜி தாவர் 1854இல் தொடங்கினார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது அதற்கு முந்திய 1853ஆம் ஆண்டு. ஆகவே ஓடும் கொதிகலனும் ஓடாத கொதிகலனும் இந்த ஊருக்கு ஒரே காலத்தில் வந்து இறங்கியவை என்று சொல்லலாம்.

எங்கள் ஆலையில் இருந்த லங்காஷயர் கொதிகலனின் அளவைச் சொல்கிறேன். குறுக்களவு எட்டடி, நீளம் முப்பதடி. உள்ளே இரண்டு தீக்குழல்கள், ஒவ்வொன்றும் மூன்றேகால் அடி அகலம். ஒரு மனிதன் குனிந்து உள்ளே நடந்து போகலாம். இந்த உருளையைச் செங்கற் கட்டுமானத்தின் மேல் படுக்க வைத்திருப்பார்கள். தீக்குழலின் முன்பகுதியில் எரியும் நெருப்பின் வெப்பக்காற்று பின்கோடிவரை சென்று, கீழே இறங்கி, வயிற்றுக்கு அடியில் முன்னே திரும்பி வந்து, மறுபடி இரு விலாப் பக்கங்களின் வழியாகப் பின்னே போய், அதன் பிறகே புகைபோக்கியைச் சேரும். வெப்பத்தை இப்படி மூன்று நடை நடத்தி வேலை வாங்கிய பிறகும், புகைபோக்கிக்கு முன் பச்சைத் தண்ணீர்க் குழாய்களின் ஊடே ஒருமுறை செலுத்துவதுண்டு. அதற்கு எகானமைசர் என்று பெயர்; எட்வர்ட் கிரீன் 1845இல் கண்டது. கஞ்சத்தனம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் இவ்வளவு தூரம் காற்றைச் சுற்றிச் சுற்றி இழுப்பது யார்? புகைபோக்கிதான். அதன் உள்ளே நிற்கும் வெப்பக்காற்று வெளிக்காற்றை விட இலேசானது. நூற்றைம்பது அடி உயரத்துக்கு இலேசான காற்று ஒரு தூணாக நிற்கும்போது, வெளியிலுள்ள கனத்த காற்று நெருப்புத் தட்டின் அடியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. உயரம் கூடக்கூட இழுப்பும் கூடும். யாரும் விசிறி சுழற்ற வேண்டியதில்லை, செலவில்லாத வேலைக்காரன். ஆனால் நிதானமான வேலைக்காரன். அந்த இழுப்பைக் கொண்டு ஒரு சதுர அடி நெருப்புத் தட்டில் மணிக்குச் சுமார் 20 ராத்தல் நிலக்கரியை ஒழுங்காக எரிக்கலாம்.

எஞ்சினுக்கு நூற்றைம்பது அடிப் புகைபோக்கி வைக்க முடியாது. பாலத்துக்கும் சுரங்கப் பாதைக்கும் அடியில் அது நுழைந்து போக வேண்டும். அகலத்திலும் தண்டவாளத்தின் இருபுறமும் இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. அந்தச் சிறிய உடலுக்குள் ஒரு பஞ்சாலையின் நெருப்பைப் போல நாலைந்து மடங்கு நெருப்பை எரித்தாக வேண்டும். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே ரயில் கொதிகலனின் சரித்திரம்.

1829ஆம் ஆண்டு அக்டோபரில் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த எஞ்சின் போட்டியில் 500 பவுன் பரிசை வென்ற ராக்கெட் எஞ்சினில் இரண்டு உபாயங்கள் ஒன்று சேர்ந்தன. ஒன்று, ஒரு பெருங்குழலுக்குப் பதிலாக மூன்றங்குல அகலமுள்ள 25 செப்புக் குழாய்கள். ஒரு பெரிய குழலை எடுத்துவிட்டு அதே இடத்தில் பல சிறு குழாய்களை வைத்தால், நெருப்புக் காற்று தொடும் இரும்பின் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. ஸ்டீபன்சன் குடும்பத்தாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஹென்றி பூத் என்பவர். பிரான்சு தேசத்தில் மார்க் செகென் என்பவரும் இதையே தனியாகக் கண்டிருந்தார். இரண்டாவது உபாயம், சிலிண்டரில் வேலை முடித்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கியின் அடியில் மேல்நோக்கிச் சீறவிடுவது. அந்தச் சீற்றம் தன்னோடு புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப நெருப்பினூடே காற்று பாய்கிறது. எஞ்சின் ஏற்றத்தில் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ அவ்வளவு வலிவாகச் சீறும். சீறச் சீற நெருப்பு பொங்கும். நெருப்பு பொங்கப் பொங்க நீராவி பெருகும். தனக்கு வேண்டிய மூச்சைத் தன் உழைப்பினாலேயே இழுத்துக்கொள்ளும் கொதிகலன் அது. 'குப் குப்' என்று நாம் கேட்ட ஒலி அந்த மூச்சுத்தான். பையனின் கேள்விக்குப் பாதி விடை இது.

என் தமையனார் ஓட்டிய டபிள்யூ.பி. வகை எஞ்சின் 1947இல் நம் நாட்டுக்கு வந்தது. அதன் நெருப்புத் தட்டு 46 சதுர அடி. எங்கள் ஆலைக் கொதிகலனின் இரண்டு தட்டுகளையும் சேர்த்தால் 39 சதுர அடி. ஏறக்குறைய சமம்தான். ஆனால் நான் மணிக்கு 350 கிலோ நிலக்கரி போட்ட வேளையில், அவர் பயர்மேனாயிருந்த நாட்களில் ஏற்றத்தில் மணிக்கு இரண்டு டன் போட வேண்டியிருந்தது. அதற்காகவே டிரைவரைத் தவிர இரண்டு பயர்மேன்கள். "நீ மண்வாரியை ஊன்றிக்கொண்டு வெற்றிலை போடுவாய்; எங்களுக்கு எச்சில் விழுங்க நேரமிராது" என்பார் அவர். அது உண்மையே. "ஆனால் நீங்கள் போட்ட கரியில் ஒரு பங்கு எரியாமலே தீப்பொறியாகப் புகைபோக்கி வழியே பறந்து வயலில் விழுந்ததே அண்ணா, அதற்கு யார் கணக்கு?" என்று நான் கேட்பேன். அதுவும் உண்மையே.

தண்ணீர் விஷயத்திலும் இதே வேற்றுமை. முப்பதடி லங்காஷயர் கொதிகலனில் சுமார் 20 டன் தண்ணீர் நிற்கும். எஞ்சினில் அதில் மூன்றிலொரு பங்கு இருந்தால் அதிகம். குளிர்ந்து கிடக்கும் லங்காஷயர் கொதிகலனை உபயோகத்துக்குக் கொண்டுவர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அவசரப்பட்டால் மேல்பாகம் சூடேறிக் கீழ்பாகம் குளிர்ந்திருக்க, நீண்ட உருளை வில்லாக வளைந்து தையல்கள் கசியும். எஞ்சினில் ஐந்தாறு மணி நேரத்தில் ஆவி ஏற்றிவிடலாம். இதைச் சொல்லி அண்ணன் என்னைப் பலமுறை மடக்கியிருக்கிறார். ஆயினும் அந்த 20 டன் தண்ணீர் ஒரு சேமிப்பு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தலிலிருந்து 90க்கு இறங்கினால், நெருப்பைத் தொடாமலே அந்தத் தண்ணீர் தன் வெப்பத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோ நீராவியை உடனே விட்டுக்கொடுக்கும். எஞ்சின் கொதிகலன் அதே இறக்கத்தில் 50 கிலோதான் கொடுக்கும். ஆலையில் ஒரே சமயத்தில் நாலு தொட்டிகளின் வால்வைத் திறந்தாலும் லங்காஷயர் முகம் சுளிக்காததற்கு இதுவே காரணம்.

சேமிப்பு என்றால் ஆபத்தும் சேர்ந்துதான் இருக்கிறது. 100 ராத்தல் அழுத்தத்தில் தண்ணீரின் சூடு 170 டிகிரி. உருளை பிளந்துவிட்டால் அதில் எட்டிலொரு பங்கு கண்ணிமைக்குமுன் ஆவியாகிப் பலநூறு மடங்கு விரியும். 1863இல் கல்கத்தாவில் நடந்த ஒரு கொதிகலன் வெடிப்புக்குப் பின்னரே 1864ஆம் ஆண்டு வங்காளத்தில் கொதிகலன் பரிசோதனைச் சட்டம் வந்தது. பின்னர் 1923இல் நாடு முழுமைக்கும் இந்தியக் கொதிகலன் சட்டம் ஏற்பட்டது. அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விசேஷம்: ரயில்வேயின் எஞ்சின் கொதிகலன்களை அது தொடவில்லை. அவற்றை ரயில்வேயே தன் முறைப்படி சோதித்துக்கொள்ளும். ஆக, அண்ணனும் நானும் வெவ்வேறு சட்டங்களின் பிரஜைகள்.

பாதுகாப்பு வால்விலும் வேற்றுமை உண்டு. ஆலையில் ஒரு நெம்புகோலின் முனையில் எடைக் கட்டியைத் தொங்கவிட்டாற் போதும். ஆவி மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஓடுகிற எஞ்சினில் எடைக் கட்டி குதிக்கும். குதிக்கும் தோறும் ஆவி வீணாகும். ஆகவே ராம்ஸ்பாட்டம் என்பவர் 1856 வாக்கில் சுருள்வில் வைத்த வால்வை அமைத்தார். நீர்மட்டத்திலும் அப்படியே. ஆலையில் தண்ணீர் படுத்த படுக்கையாக இருக்கும். நீலகிரிப் பாதையிலோ 12 அடிக்கு ஓரடி ஏற்றம். 12 அடி நீளமுள்ள கொதிகலன் அந்தச் சரிவில் நின்றால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீரின் ஆழத்தில் ஓரடி வித்தியாசம் வந்துவிடும். நெருப்புப் பெட்டியின் கூரை எந்த நிமிஷமும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையேல் இரும்பு பழுத்து இளகிவிடும். அதற்குக் காவலாகக் கூரையில் ஈயத் தக்கை ஒன்று பதித்திருப்பார்கள். நீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

இவை யாவும் தர்க்கத்துக்கு நன்றாக இருந்தன. தர்க்கம் எங்கள் வயிற்றோடு சம்பந்தப்பட்டது 1983இல்.

1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தின் கதை இந்த இதழை வாசிக்கும் பல குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஆலை மறுபடி திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில். ஓராண்டுக்கு மேல் சம்பளமில்லை. கடைசியில் நகருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் கொதிகலன் பார்க்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி குஜராத்திக்காரர், சுறுசுறுப்பானவர். முற்றத்தில் மூங்கில் சாரத்துக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு பொருள் கிடந்தது. சக்கரமும் சிலிண்டரும் கழற்றப்பட்ட ஓர் எஞ்சினின் கொதிகலன்! பழைய இரும்பு ஏலத்தில் வாங்கியது.

அவர் கணக்கு தவறென்று சொல்ல முடியாது. புதிய கொதிகலன் விலையில் ஒரு சிறு பகுதிக்கு அது கிடைத்தது. லங்காஷயருக்கு வேண்டிய செங்கற் கட்டுமானம் வேண்டாம். நெருப்புப் பெட்டி அதன் உடலோடேயே இருக்கிறது. சிறிய இடம் போதும். காலையில் மூட்டினால் மதியத்துக்குள் ஆவி. சர்க்கரை ஆலைகளிலும் வேறு இடங்களிலும் எஞ்சின் வகைக் கொதிகலனைத் தரையில் நிறுத்திப் பயன்படுத்தியதுண்டு. ஆகவே இது நூதனமும் அன்று. "ரயிலை இழுத்தது என் துணியைச் சாயம் போடாதா?" என்றார். ஓட்டத் தயாராக இருந்தால் நாளையே சேரலாம், இல்லையேல் வேறு ஆள் வரிசையில் நிற்கிறான் என்றும் மரியாதையாகவே சொன்னார். கொதிகலன் நிற்கவிருந்த இடத்துக்கும், அறுபது பேர் வேலை செய்யும் கொட்டகைக்கும் இடையே ஒற்றைச் செங்கற் சுவர்.

ஒரு வாரம் தவணை கேட்டுப் புசாவலுக்குக் கடிதம் எழுதினேன். அண்ணன் இரண்டு நாள் விடுப்பில் வந்தார். தம்முடைய கொதிகலனை நான் ஓட்டப் போகிறேன் என்று மகிழ்வார் என எண்ணியிருந்தேன். அவரோ முற்றத்தில் அதைச் சுற்றி வந்து வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இது மூச்சில்லாத உடம்பு, தம்பி" என்றார்.

அவர் சொன்னது அப்போதே எனக்கு விளங்கிற்று. எஞ்சினில் சிலிண்டரிலிருந்து வரும் ஆவியே நெருப்புக்குக் காற்றிழுத்தது. சாயப்பட்டறையில் சிலிண்டர் ஏது? ஆவி நேரே தொட்டிகளுக்கும் உலர்த்தும் உருளைகளுக்கும் போய்விடுகிறது. அந்தக் குட்டைப் புகைபோக்கியை மட்டும் நம்பினால் நெருப்பு புகைந்துகொண்டு கிடக்கும். உயரமான புகைபோக்கி கட்ட வேண்டும். அல்லது காற்றை இழுக்கும் மின்விசிறி வைக்க வேண்டும். பல சிறு குழாய்களின் நெருக்கத்தினூடே காற்றை இழுப்பது லங்காஷயரின் பெருங்குழலில் இழுப்பதை விடக் கடினம் என்பதால், விசிறிதான் சரி என்று இருவரும் தீர்மானித்தோம்.

மறுநாள் அவர் ஒரு சிறு சுத்தியலுடன் நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்தார். பெட்டியின் உள்தகடும் வெளித்தகடும் தட்டையானவை. உருளை வடிவம் அழுத்தத்தைத் தானே தாங்கும். தட்டைத் தகடு உப்பிவிடும். ஆகவே இரண்டு தகடுகளையும் நூற்றுக்கணக்கான ஆணிகளால் இணைத்திருப்பார்கள். ஸ்டே என்பார்கள். லங்காஷயரில் இப்படிப்பட்ட சங்கடம் மிகக் குறைவு. இரு முனைகளிலும் சில முட்டுக்கள்தாம். எஞ்சினில் இதுவே பெரிய நோய். நெருப்புப் பெட்டி சூட்டில் விரியும் தோறும் ஸ்டே சற்று வளையும். ஆறும் தோறும் நிமிரும். வருஷக் கணக்கில் இப்படி நடந்தால் முறியும். முறிந்தது வெளியில் தெரியாது. சுத்தியலால் தட்டினால் முழு ஸ்டே மணி போல் ஒலிக்கும். முறிந்தது மொத்தென்று சொல்லும். அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டி, சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுக்கொண்டே போனார். மூன்று மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் கரியாக வெளியே வந்து, "ஏழு, எல்லாம் மேல்வரிசை மூலையில்" என்றார்.

நான் முதலாளியிடம் நான்கு நிபந்தனைகள் சொன்னேன். ஏழு ஸ்டேக்களையும் மாற்ற வேண்டும். விசிறி வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மென்மையாக்கும் சாதனம் வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஏனெனில் தண்ணீர்ச் சேமிப்புக் குறைந்த இந்தக் கொதிகலனைப் பத்து நிமிஷம் கூடத் தனியே விட்டுப் போகக்கூடாது. அவர் முதல் இரண்டுக்கும் நான்காவதற்கும் இசைந்தார். மூன்றாவதற்கு, "நாங்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்" என்று சிரித்துவிட்டார். வேலையை விடுவதா ஏற்பதா என்று அன்றிரவு நான் உறங்கவில்லை. ஏற்றுக்கொண்டேன். வீட்டு நிலைமை அப்படி.

தண்டவாளத்தை விட்டு இறங்கியதால் அது இப்போது 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து நீரழுத்தச் சோதனை செய்தார். தகடுகளின் கனத்தை அளந்தார். ரயிலில் 210 ராத்தலில் ஓடியதற்கு 120 ராத்தல் என்று எல்லை விதித்தார். சாயத்துக்கு அதுவே தாராளம்.

அண்ணன் ஊருக்குத் திரும்புமுன் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். கொதிகலனோடு ஒரு பித்தளை இன்ஜெக்டர் வந்திருந்தது. மின்சாரப் பம்பு வைக்கப் போவதால் அதைக் கழற்றி விற்றுவிட முதலாளி எண்ணியிருந்தார். பித்தளைக்கு நல்ல விலை. இன்ஜெக்டர் என்பது பிரெஞ்சுக்காரரான கிபார்ட் 1858இல் அமைத்த அதிசயம். அதில் ஓடுகிற உறுப்பு எதுவுமில்லை. கொதிகலனின் ஆவியே ஒரு கூம்பினூடே சீறி, பச்சைத் தண்ணீரை இழுத்து, அதோடு கலந்து நீராகி, அந்த வேகத்தினால் அதே கொதிகலனுக்குள் புகுந்துவிடும். ஆவி தான் புறப்பட்ட அழுத்தத்துக்கு எதிராகத் தானே எப்படித் திரும்ப நுழையும் என்று படித்தவர்களே முதலில் நம்பவில்லையாம். "இதைக் கழற்ற விடாதே" என்றார் அண்ணன்.

1984ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. விசிறி நின்றது, பம்பும் நின்றது. ஆனால் தட்டின் மேல் ஒரு முழக் கனத்துக்குத் தணல் கிடக்கிறது; அதற்கு மின்சாரம் தேவையில்லை. தொட்டிகள் ஆவியைக் குடித்துக்கொண்டேயிருந்தன. அரிக்கேன் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக் குழாயில் நீர் கண்ணெதிரே இறங்குகிறது. லங்காஷயராக இருந்தால் நிதானமாக யோசிக்க எனக்கு நேரம் இருந்திருக்கும். இங்கே அந்த நேரம் இல்லை. தலைமை வால்வை அடைத்தேன். உடனே பாதுகாப்பு வால்வு சீறத் தொடங்கி, அந்த வழியாகவும் நீர் குறையலாயிற்று. உடனிருந்த பையன், பீகார் மாநிலத்தவன், தணலை வெளியே இழுக்கக் கொக்கியைத் தூக்கினான். நான் மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து, பிறகு இன்ஜெக்டரின் ஆவி வால்வைத் திறந்தேன். வழிகுழாயில் நீர் கொட்டிற்று. ஆவியைச் சற்றுக் குறைத்தேன், கூட்டினேன். திடீரென்று வழிவது நின்று, சீழ்க்கை போன்ற மெல்லிய ஓசை எழுந்தது. நீரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கண்ணாடியின் அடி மரையைத் தொட்டுக்கொண்டிருந்த நீர் நின்று, பின் விரல் விரலாக ஏறிற்று. சுவருக்கு அப்பால் அறுபது பேரும் இருட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் அஞ்சியது வெகு சீக்கிரம் வந்தது. லங்காஷயரில் படிவு சேர்ந்தால் ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டிவிடலாம். எஞ்சினில் குழாய்களுக்கு இடையே விரல் நுழைய இடமில்லை. ரயில்வே ஷெட்டுகளில் இதற்காகவே கணக்குத் தவறாமல் எஞ்சினை ஆறவைத்து, துவாரங்களைத் திறந்து, வேகமான தண்ணீரால் கழுவுவார்கள். சாயப்பட்டறையில் ஆறவைக்க நாள் கிடைப்பதில்லை. ஆறாவது மாதம் குழாய் முனைகள் அழத் தொடங்கின. இரண்டு முறை முனைகளைத் தட்டி விரித்து இறுக்கியதும், மூன்றாம் முறை உற்பத்தி நான்கு நாள் நின்றதும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறின. அதன் பிறகு தண்ணீரை மென்மையாக்கும் சாதனம் ஒரு வாரத்தில் வந்து இறங்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கொதிகலன் அங்கே பதினொரு ஆண்டுகள் உழைத்தது. அதை மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். லங்காஷயர் தரும் நிம்மதி அதில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் அவசரச் சாயத்துக்கு அது கொடுத்த வேகத்தை லங்காஷயரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. என் கட்சியை நான் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓரிடத்தில் நிலைத்து நின்று ஆவி கொடுக்க வேண்டிய வேலைக்கு, நிறையத் தண்ணீரும் பெரிய குழலும் உயர்ந்த புகைபோக்கியுமே இயல்பானவை. அதனிடம் மூன்றாவது நடை வரை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பொறுமை இருக்கிறது. அண்ணனும் கடைசிவரை தம் கட்சியை விடவில்லை. 1995இல் அகலப் பாதையில் நீராவி முடிவுற்றபோது அவர் டீசல் ஓட்டிக்கொண்டிருந்தார். "சுவிச்சைத் தட்டுகிறேன்" என்று மட்டும் எழுதினார்.

1994இல் அந்தப் பட்டறையில் புதிதாக வந்த கொதிகலனை அவருக்குக் காட்டினேன். இப்போது ஆலைகளில் பெரும்பாலும் காண்பது இந்த வகைதான். உள்ளே ஒரே ஒரு பெருங்குழலில் தீ. அது லங்காஷயர் வழி வந்தது. அந்தக் காற்று பின்கோடியில் திரும்பிச் சிறு குழாய்களின் கட்டுக்குள் நுழைந்து இருமுறை போய்வருகிறது. அது எஞ்சின் வழி வந்தது. செங்கல் கட்டுமானம் இல்லை. காற்றை விசிறி தள்ளுவதால் புகைபோக்கி, புகையை ஆட்கள் மேல் விழாமல் வெளியேற்றுவதற்கு மட்டுமே. அண்ணன் முன்னும் பின்னும் பார்த்தார். குழலைக் காட்டி, "இது உன்னுடையது" என்றார். குழாய்களைக் காட்டி, "இது என்னுடையது" என்றார். பிறகு இன்ஜெக்டர் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். மின்சாரம் நின்றால் எரிவாயுத் தீயும் தானே அணைந்துவிடும், தணல் என்று ஒன்று மிஞ்சாது, ஆகவே தேவையில்லை என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார், ஆனாலும் புறப்படுமுன் கண்ணாடிக் குழாயின் அடிக்குழாயை ஒருமுறை திறந்து மூடி, நீர் சரியாக ஏறி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.